கறுப்பு விலாங்கின் இடம்

அக்காவின் வீட்டில் ஒரு சாமானை எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். பக்கத்தில் வைத்தாலும் சரிவராது. ஒருமுறை கருவாடு வெட்டக் கத்தி வாங்கினேன். திருப்பிக் கொண்டுபோய்க் குசினித் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். என் வாசல் படலைக்கு வந்துசேர முதல் பின்னால் கூப்பிடும் சத்தம் கேட்டது. அக்கா கத்தியோடு நின்றார்.

"தம்பி, இது கூரைக் கப்பிலை செருகியிருந்தது."

நான் கத்தியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்க் கூரை தாங்கும் அந்த மரத்தில் செருகினேன். அவரே செருகியிருக்கலாம். செருகமாட்டார். எடுத்தவர்தான் வைக்க வேண்டும்.

அவர் என் கூடப்பிறந்த அக்கா இல்லை. நாயாற்றுக் கடற்கரையில் எங்களுக்கு அடுத்த வளவு. பெயரை எழுதவில்லை. ஊரிலும் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கப்பல்காரரின் பெண்சாதி என்பார்கள். எங்களுக்கு அவர் அக்கா. அவருடைய மனுசன் எங்களுக்கு அத்தான்.

அத்தான் வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்தவர். கடைசியாக வந்தபோது ஒரு பை நிறைய றப்பர் மீன் கொண்டுவந்தார். நாங்கள் அதுவரை அப்படி ஒன்று கண்டதில்லை. தூண்டிலுக்கு நாங்கள் றால் குத்துவோம், சின்ன மீன் குத்துவோம். இது றால் மாதிரியும் மீன் மாதிரியும் புழு மாதிரியும் செய்து வைத்த சாமான். தொட்டால் நுங்கு மாதிரி. பெருஞ்சீரக மணம் அடித்தது. வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று எல்லா நிறமும் இருந்தது. கறுப்பில் ஒன்றே ஒன்று. விலாங்கு மாதிரி நீளம். வால் நாடா மாதிரி மெல்லிசு. தண்ணீரில் இழுத்தால் நெளிந்து நெளிந்து வரும். கலங்கின தண்ணீரில் கொடுவா இதைத்தான் தேடி வரும் என்று அத்தான் சொன்னார். அது உண்மையோ தெரியாது. அவர் அதைத் தண்ணீரில் போட்டு ஒரு மீனும் பிடித்து நான் பார்க்கவில்லை.

திரும்பக் கப்பல் வேலை எடுக்க அவர் கொழும்புக்கு வெளிக்கிட்ட காலமை நான் சைக்கிளோடு படலையில் நின்றேன். பஸ் ஏற்றிவிட வேண்டும். அத்தான் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே அக்காவிடம் சொன்னார்.

"நிறம் நிறமா வை. வெயில் காட்டாதை. வேறை பிளாஸ்ரிக் சாமானோடை முட்டவிடாதை, ஒண்டை ஒண்டு தின்னும். நான் வந்து எடுக்கிறன்."

அக்கா தலையை ஆட்டினார். வேறு கதை நடக்கவில்லை. சோறு கட்டிக் கொடுத்தாரோ என்றும் ஞாபகம் இல்லை. இந்தச் சொல்லுகள்தான் ஞாபகம்.

அதற்குப் பிறகு சண்டையால் கொழும்புப் பாதை மூடினது. திறந்தது. மூடினது. முதல் வருஷம் ஆள் மூலம் இரண்டு தரம் சேதி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. கப்பல் ஏறினாரோ, பிடிபட்டாரோ, ஒருவருக்கும் தெரியாது. அக்கா அழுததை நான் காணவில்லை. அவர் ஜாம் போத்தல் தேடினார். வீடு வீடாகப் போய்க் கண்ணாடிப் போத்தல் கேட்டார். ஒரு நிறத்துக்கு ஒரு போத்தல். கழுவி, காயவைத்து, றப்பர் மீன்களுக்கு மெல்லிசாகப் பவுடர் பூசி, வால் வளையாமல் நிமிர்த்தி உள்ளே விட்டார். வளைந்து கிடந்தால் வளைந்தபடியே நின்றுவிடும், பிறகு தண்ணீரில் நேரே ஓடாது என்றார். போத்தல்கள் கட்டிலுக்குக் கீழே, சாக்கு மூடி, இருட்டில் இருந்தன. சனிக்கிழமை பின்னேரம் வெளியே எடுத்து நிழலில் வைத்து ஒவ்வொன்றாகத் துடைப்பார்.

பிள்ளை இல்லாதவர். கிணற்றடியில் பெண்கள் பகிடி பண்ணுவார்கள்.

"என்னக்கா, பிள்ளையளுக்குப் பவுடர் போட்டாச்சோ?"

"போட்டாச்சு. நித்திரை. சத்தம் போடாதேங்கோ."

சிரிக்காமல் சொல்வார். அவர் பகிடிக்குச் சொல்கிறாரோ உண்மையாகச் சொல்கிறாரோ என்று தெரியாமல் அவர்கள் வாயை மூடுவார்கள்.

ஒரு தடவை ஒரு வெள்ளை மீன் எப்படியோ சிவப்புப் போத்தலுக்குள் போய்விட்டது. வெளியே எடுத்தபோது ரோசா நிறமாகிவிட்டது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. அதை எங்கே வைப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. வெள்ளையோடு வைத்தால் வெள்ளையைக் கெடுக்கும். சிவப்போடு வைத்தால் அது சிவப்பில்லை. கனநாள் அது ஒரு சிரட்டையில் தனியே கிடந்தது. என்னிடம் கேட்டார். எறியச் சொன்னேன். என்னை ஒருமாதிரிப் பார்த்தார். கடைசியில் அதற்கும் ஒரு போத்தல் தேடினார். ஒரு மீனுக்கு ஒரு போத்தல்.

எனக்கு அவர் ஒன்று இரவல் தந்திருக்கிறார். மாரி பிடித்து, நாயாற்று முகத்துவாரம் வெட்டுப்பட்டு, ஏரித் தண்ணீர் கடலுக்குப் பாய்ந்த நேரம். கொடுவா வாயிலில் நிற்கும். என்னிடம் வலை இல்லை. தூண்டிலுக்குத் தங்கூசி நூலைப் போத்தலில் சுற்றி வைத்திருந்தேன். அக்கா பச்சை மீன் ஒன்றை எடுத்துக் கையில் தந்தார். கறுப்பைக் கேட்டேன். அதை அத்தான் வந்துதான் தொடவேண்டும் என்றார். பச்சையிலேயே நல்ல கொடுவா ஒன்று பிடித்தது. இழுத்துக் கரையில் போட்டுவிட்டுப் பார்த்தால் றப்பர் மீனின் வால் இல்லை.

வாலில்லாத றப்பர் மீனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பார்த்தார்.

"வால் எங்கை?"

"கொடுவா திண்டிட்டுது அக்கா."

"வயித்தை வெட்டினனியோ?"

வெட்டவில்லை. மனைவி மீனைத் துண்டாக்க உட்கார்ந்திருந்தாள். அக்கா வந்து நின்று வயிற்றைக் கீறுவித்தார். வால் அங்கேதான் இருந்தது. கழுவி, பவுடர் போட்டு, உடலையும் வாலையும் சேர்த்துப் பச்சைப் போத்தலுக்குள் வைத்தார். பிறகுதான் மீன் பங்கு வாங்கிக்கொண்டு போனார்.

மனைவி அன்றிரவு கேட்டாள், அந்த மனுசிக்கு உள்ளுக்குள் ஏதும் பிழையோ என்று. நான் இல்லை என்றேன். ஏன் இல்லை என்று சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஒருநாள்தான் அக்கா வாய் விட்டுச் சொன்னார். போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கிழிந்த வலைத்துண்டு ஒன்றைப் பொத்திக்கொண்டிருந்தேன். இருந்த மாதிரி எல்லாம் இருந்தால் ஆள் வரும் என்றார். ஒன்று குறைந்தால்? கேட்க நினைத்தேன்.

பிறகு கடற்கரையில் இருக்க முடியாமல் போனது. கடல் பக்கத்தில் இருந்து ஷெல் வந்தது. சனம் உள்ளுக்குப் போகத் தொடங்கினது. எல்லோரும் அரிசி கட்ட, சட்டி பானை கட்ட, அக்கா தைத்துக்கொண்டிருந்தார். போத்தல் கொண்டுபோனால் உடையும் என்று, அத்தானின் பழைய சாரத்தைக் கிழித்து, சின்னச் சின்ன அறைகள் வைத்து, சுருட்டிக் கட்டுகிற மாதிரி ஒரு சீலைச் சுருள் தைத்தார். ஒரு நிறத்துக்கு ஒரு அறை. ரோசாவுக்கும் ஒன்று. கடைசி அறை கறுப்புக்கு. என் மனைவி படலையில் நின்று கத்தினாள். உழவுமெசின் பெட்டியில் சனம் ஏறி முடிந்துவிட்டது. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் எழும்பினார்.

அந்தச் சுருளை றங்குப் பெட்டியில் வைத்தார். மேலே சேலைகள். சேலைக்கு நடுவில் ஒரு மாதா சுரூபம், சின்னச் சிலை. மடுத் திருநாளில் வாங்கினது. ஒரு முழம் இருக்கும். வெள்ளையும் நீலமும்.

முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வயல்காரரின் வளவில் எங்களை இறங்கச் சொன்னார்கள். வளவுக்காரர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காணி எடுத்துக் குடியிருந்த சைவ ஆட்கள். நல்ல சனம். கொட்டில் போட்டு முடிக்கும்வரை பெட்டி சட்டிகள் வெளியில் கிடந்தன. மேலே தகரம் ஒன்று போட்டிருந்தோம். கடும் வெயில். அக்காவுக்கும் அந்த நாட்களில் காய்ச்சல். பெட்டியைத் திறக்கவில்லை.

திறந்த அன்று சுரூபத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இதைப் பார்."

கறுப்பு விலாங்கு மாதாவின் காலடியில் ஒட்டியிருந்தது. வண்டிக் குலுக்கலில் கடைசி அறையின் தையல் விட்டிருக்கிறது. அது வெளியே வந்து, சூட்டுக்கு, சுரூபத்தின் பாதத்தோடு உருகிப் பிடித்துவிட்டது. பாதத்தின் கீழால் தலை. மற்றப் பக்கத்தால் வால் நெளிந்து கிடந்தது. எந்தக் கோயிலிலும் பெரிய சுரூபத்தின் காலடியில் பாம்பு இருக்கும், மாதா மிதித்துக்கொண்டு நிற்பார். அக்காவின் சுரூபத்தில் பாம்பு இருக்கவில்லை. இப்போது இருந்தது.

"வேறை பிளாஸ்ரிக்கோடை வைக்காதை எண்டு சொன்னவர். சீப்பைக்கூட நான் அதுக்குக் கிட்ட வைக்கேல்லை. மாதா பிளாஸ்ரிக் எண்டு நான் நினைக்கேல்லை தம்பி."

நானும் அதுவரை நினைத்ததில்லை.

எனக்குப் பின்னால் மனைவி வந்து நின்றாள். பார்த்தாள். சிலுவை அடையாளம் போட்டாள். அது பாம்பில்லை, றப்பர் மீன் என்று அவளுக்குத் தெரியும். அவளே பார்த்த சாமான். ஆனாலும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் எங்களோடு வந்த சனம் முழுக்க அங்கே நின்றது. அத்தனை பேருக்கும் அது தெரியும். யாரும் றப்பர் மீன் என்று சொல்லவில்லை.

செபமாலை சொல்லுகிற பொதுக் கொட்டிலில் சுரூபத்தை ஒரு கிழமைக்கு வைக்கக் கேட்டார்கள். அக்கா விட்டார். அதன்பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. தூரத்துக் கொட்டில்களில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். வளவுக்கார அம்மா ஒருநாள் குளித்து, திருநீறு பூசி, செம்பில் பாலோடு வந்தா. பாம்புச்சாமி நாகதம்பிரான் எங்கே வந்தாலும் வெறுங்கையோடு பார்க்கக்கூடாது என்றா. பாலைச் சிரட்டையில் ஊற்றிக் காலடியில் வைத்தா. பாலுக்கு எறும்பு வந்தது. அக்கா ஓடிப்போய் எறும்பைத் தட்டினார். எறும்பு கடித்தால் வால் போய்விடும் என்ற பயம். அவர் பாம்புக்குப் பணிவிடை செய்கிறார் என்று சனம் நினைத்தது.

பூசைக்குப் பங்குச் சுவாமி சைக்கிளில் வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். விரலை மணந்து பார்த்தார். பெருஞ்சீரக மணம் அவருக்கும் அடித்திருக்கும். அக்காவைத் திரும்பிப் பார்த்து, இது மீன் பிடிக்கிற சாமானோ என்று கேட்டார். அக்கா ஓம் என்றார். சுவாமி கொட்டிலுக்குள் இருந்த முகங்களைப் பார்த்தார். பிறகு செபமாலையைக் கைவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பூசையைத் தொடங்கினார். அது சரி என்றாரோ பிழை என்றாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. சனம் சரி என்று எடுத்துக்கொண்டது.

அக்கா சனிக்கிழமைகளில் சுருளை விரித்துத் துடைப்பதை விடவில்லை. கடைசி அறையைத் திரும்பத் தைத்திருந்தார். வெறும் அறை. அதற்குள்ளும் விரலை விட்டுப் பார்ப்பார். பிறகு சுருட்டிக் கட்டுவார்.

மழை தொடங்கினதோடு மலேரியாவும் வந்தது. என் மகளுக்கு மூன்று வயது. காய்ச்சல் நெருப்பாய் எரிந்தது. நடுங்கும், விடும், திரும்ப எரியும். மலேரியாவுக்கு விழுங்கக் கொடுக்கும் குளிசைக்குத் தட்டுப்பாடு. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொதுக் கொட்டிலில் மாதாவுக்கு முன்னால் பாயைப் போட்டுவிட்டாள். வா என்றால் வரமாட்டாள்.

அதே நேரம் வவுனியாவால் வந்த ஒருவர் அக்காவிடம், அத்தானை அங்கே கண்டதாகவும் இந்தப் பக்கம் வரப் பாஸுக்கு நிற்கிறார் என்றும் சொல்லிவிட்டார். அக்கா அன்று காலமை சவர பிளேட் ஒன்றோடு கொட்டிலுக்கு வந்தார். நான் பிள்ளையின் நெற்றிக்கு ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தேன். அக்கா நேரே சுரூபத்துக்குப் போனார். மனைவி எழும்பி நடுவில் நின்றாள்.

"அக்கா, கையை வைக்காதேங்கோ."

"அது அவரின்ரை சாமான் பிள்ளை. நாளைக்கு வந்து கறுப்பு எங்கை எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"பிள்ளைக்குக் காய்ச்சல் விடட்டும். பிறகு எடுங்கோ. நான் மறிக்கமாட்டன்."

"பிறகு எண்டால் எப்ப? அவர் வந்தாப்பிறகோ?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ சொல்லு."

மகள் பாயில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். நான் துணியைத் திரும்ப நனைத்தேன். அது றப்பர் மீன். எனக்குத் தெரியும். அதை எடுத்தால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்றும் பயம். இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குள் இருந்தது.

அக்கா மனைவியை விலத்திக்கொண்டு போய் விலாங்கின் வாலைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார். பாதமும் சேர்ந்து இழுபட்டது. எது விலாங்கு எது பாதம் என்று பிரிக்கிற இடம் இல்லை. கறுப்பு வெள்ளைக்குள்ளும் ஊறியிருந்தது. பிளேட்டை எங்கே வைத்தாலும் மாதாவின் காலைத்தான் வெட்ட வேண்டும். அக்கா பிளேட்டை விலக்கினார். வாலை விட்டார். பிளேட்டைக் கடுதாசியில் சுற்றி இடுப்பில் செருகினார். என் கையில் இருந்த துணியை வாங்கிப் பிழிந்து பிள்ளையின் நெற்றியில் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். பின்னேரம்வரை எழும்பவில்லை.

அன்றைக்கே வளவுக்கார அம்மா எங்கேயோ தேடிக் குளிசை கொண்டுவந்து தந்தா. அடுத்த நாள் காய்ச்சல் விட்டது. குளிசையால் விட்டதோ, மாதாவால் விட்டதோ, அந்த அம்மா ஊற்றின பாலால் விட்டதோ, எனக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும் என்றாள். வளவுக்கார அம்மாவும் தனக்குத் தெரியும் என்றா. இரண்டு பேரும் சொன்னது ஒன்றில்லை.

அத்தான் வரவில்லை. கண்டதாகச் சொன்னவர் வேறு யாரையோ கண்டிருக்கிறார். மனைவி சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பார்த்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, இனி எடுங்கோ என்று அவளே போய் அக்காவிடம் சொன்னாள். அக்கா பிறகு பார்ப்போம் என்றார். பிளேட்டைத் திரும்ப எடுத்து நான் காணவில்லை.

அத்தான் அடுத்த வருஷம் வந்தார். ஓமந்தைப் பக்கத்தால் பாஸ் எடுத்து, யாரோ ஒருவரின் சைக்கிளில் ஏறி வந்து படலையில் இறங்கினார். தலைமயிர் உதிர்ந்திருந்தது. வயிறு முன்னால் தள்ளி வண்டி வைத்திருந்தது. கப்பல் முகவர் ஏமாற்றினார், கொஞ்சக் காலம் உள்ளே போட்டார்கள், பிறகு ஒரு கடையில் நின்றேன் என்று கதை கதையாகச் சொன்னார். அக்கா தேத்தண்ணி வைக்கவில்லை. முதலில் சுருளைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் பாயில் விரித்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

அத்தான் சிரித்தார்.

"இதெல்லாம் இன்னும் வச்சிருக்கிறியோ?"

ஒவ்வொரு அறையாக விரலை விட்டார். வாலும் உடலும் வேறாய்க் கிடந்த பச்சையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். கடைசி அறைக்கு வந்தார்.

"இதுக்கை என்ன இருந்தது?"

அவருக்கு ஞாபகம் இல்லை.

அக்கா கறுப்பு என்றார். அத்தான் ஓ என்றார். பிறகு பசிக்கிறது என்றார்.

மற்ற நாள் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பைக்குள் கொட்டிக்கொண்டு குளத்துக்கு விரால் பிடிக்கப் போனார். ஒன்றும் படவில்லை. திரும்பி வந்து பையைச் சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டபடி விட்டுவிட்டார். அது இரண்டு மூன்று நாள் வெயிலில் தொங்கினது. அக்கா அதைக் கடந்து கிணற்றுக்குப் போனார், வந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது எடுப்பார், இப்போது எடுப்பார் என்று. எடுக்கவில்லை. பை திறந்தபோது சிவப்பு, பச்சை, மஞ்சள், ரோசா எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாகிவிட்டது. அத்தான் வேலிக்கு வெளியே எறிந்தார். கொழும்பில் இது கிடக்கிறது, வேறு வாங்கலாம் என்றார். அக்கா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நிற்கவில்லை. அடுத்த நாள் அந்தச் சீலைச் சுருள் தோய்த்து வேலியில் காய்ந்தது. இனி அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிறு பின்னேரம் செபமாலைக்கு எல்லோரும் பொதுக் கொட்டிலுக்குப் போனோம். அத்தான் அன்றுதான் முதல்தரம் அங்கே வந்தார். குனிந்து சுரூபத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சத்தமாய்ச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"எட, இது என்ரை விலாங்கெல்லோ. இதையோ இவ்வளவு நாளும் கும்பிட்டனியள்?"

சாரத்து மடிக்குள் இருந்து மடக்குக் கத்தியை எடுத்து விரித்தார். கழற்றித் தருகிறேன், காலில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான் என்றார். என் மனைவி மகளைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் ஏதும் சொல்ல முதல் அக்கா எழும்பிவிட்டார். முன்னால் போய் நடுவில் நின்றார்.

"கையை வைக்காதேங்கோ."

அத்தானுக்கு முகம் மாறினது.

"என்னப்பா இது. என்ரை சாமான். நான்தானே வச்சிருக்கச் சொன்னனான்."

"ஓம். நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"பிறகென்ன?"

"அது அதின்ரை இடத்திலைதான் இருக்கு."

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் விளங்கப்படுத்துவேன் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கும் விளங்கவில்லை. அத்தான் கத்தியை மடித்தார். பாயில் இடம் தேடினார். அக்கா தன் இடத்தில் திரும்பப் போய் இருந்து, தனக்குப் பக்கத்தில் பாயைக் கையால் தட்டி, இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். அங்கே போய் இருந்தார்.